ஆலமரத்துக்குக் கம்பளி

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் அக்கா, மார்கழி வந்தால் தன் பொன்சாய் மரங்களைக் கராஜுக்குள் வைத்துவிடுவா. மொட்டை மாடியில் நிற்கும் என் ஆலம் பொன்சாயையும் பனிக்குப் போர்த்த வேண்டுமா?
— வாசகி, லிங்கநகர், திருகோணமலை

பதில்: போர்த்துங்கள், அயலுக்குப் பொழுதுபோகும். திருகோணமலையில் தை மாத இரவும் 24 பாகை செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். கனடாவின் கதை வேறு. கிளையைவிட வேருக்குத்தான் குளிர் ஆகாது. தரையில் நிற்கும் மரத்தின் வேரை மண் காப்பாற்றும். கையகலச் சாடியோ முழுதாக உறைந்துவிடும். அதற்காக மேப்பிளை வரவேற்பறைச் சூட்டில் வைத்தாலும் கெடும், அதற்குக் குளிர்கால உறக்கம் தேவை. ஆலுக்கு அந்தப் பழக்கமே இல்லை.

உறைபனிதான் பார்க்க வேண்டுமென்றால் தை, மாசியில் நுவரெலியாவுக்குப் போங்கள். தெளிந்த இரவுகளில் தேயிலைக் கொழுந்தே கருகும்.

உங்களுக்கு வாய்த்த எதிரிகள் வேறு. ஐப்பசி தொடங்கித் தை வரை மழை. சாடியின் அடித்துளை அடைத்தால் வேர் அழுகும்; ஒரு பக்கம் செங்கல் துண்டு வைத்துச் சரித்துவிடுங்கள். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று. காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் இருக்காது. போர்த்துவதானால் அப்போது போர்த்துங்கள், நிழல்வலையால். தண்ணீர் இரண்டு நேரமும்.