மூட மாட்டேன் என்னும் செயலி

செயலியைக் கட்டாயமாக மூடுதல் என்பது, தானாக மூடிக்கொள்ளும் பண்பில்லாத செயலியை இயங்குதளத்தின் துணையோடு வெளியேற்றுவது. ஃபோனுக்கும் கணினிக்கும் இதில் தனித்தனி முறைகள் உண்டு. எந்த முறையையும் பயனர் நிதானமான மனநிலையில் கற்பதில்லை. பொங்கலுக்கு முந்தைய இரவுப் பேருந்தில் கடைசி இரண்டு இருக்கைகள் கண்ணெதிரே இருக்க, திரையில் சக்கரம் சுழல, அடுத்த அறையிலிருந்து "புக் ஆச்சா, இல்லையா?" என்று மூன்றாவது முறையாகக் குரல் வரும்போதுதான் கற்கிறார்.

முதலில், செயலி ஏன் ஹேங் ஆகிறது? ஒவ்வொரு செயலியிலும் திரையைக் கவனிப்பதற்கென்றே ஒரு முதன்மை இழை இயங்கும். விரல் எங்கே பட்டது, எந்த விசை அழுந்தியது என்று பார்ப்பதும் அதற்கேற்பத் திரையை வரைவதும் அதன் வேலை. நிரலை எழுதியவர் அந்த இழையையே சர்வரிடம் அனுப்பி, பதில் வாங்கிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டால், அது திரும்பி வரும்வரை திரையைக் கவனிக்க ஆளில்லை. முடிவே இல்லாத சுழற்சி ஒன்றில் நிரல் மாட்டிக்கொள்வதும் உண்டு. மூன்றாவது வகை, இரண்டு இழைகள் ஒன்றின் பிடியில் உள்ளதை மற்றொன்று எதிர்பார்த்து நிற்பது. குறுகிய பாலத்தின் நடுவில் எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டு லாரிகளின் நிலை இது. இரண்டு ஓட்டுநரும் எஞ்சினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தாயிற்று.

இந்த நேரத்தில் பயனர் செய்வது அதே பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவது. அழுத்தங்கள் வீணாகப் போவதில்லை. இயங்குதளம் அவற்றை வரிசையில் நிறுத்தி வைக்கிறது. செயலிக்கு உயிர் வந்தால் வரிசை முழுவதையும் ஒரே மூச்சில் நிறைவேற்றவும் கூடும். அப்படித்தான் ஒரே கோப்பு ஏழு முறை அச்சாகிறது.

ஹேங் ஆகிவிட்டது என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? தெரியாது. விண்டோஸும் ஆண்ட்ராய்டும் பொதுவாக 5 விநாடி பொறுத்துப் பார்க்கின்றன. அதற்குள் செயலி வாய் திறக்காவிட்டால் விண்டோஸ் அந்தச் சன்னலை எடுத்துவிட்டு, அதேபோன்ற ஒரு பொய்ச் சன்னலை அந்த இடத்தில் வைக்கிறது. மேலே வெள்ளை படர்ந்து, தலைப்பில் பதிலளிக்கவில்லை என்று ஒட்டிக்கொண்டு நிற்பது அந்தப் பொய்ச் சன்னல்தான். பயனர் அதைப் பிடித்து இழுக்கலாம், சுருக்கலாம், மூடலாம். ஆண்ட்ராய்டோ, காத்திருக்கிறீர்களா, மூடிவிடவா என்று கேட்கிறது.

இந்தக் கேள்வியின் துணிச்சலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்பதை நினைவகத்தின் கடைசி பைட் வரை பார்க்க வல்லது இயங்குதளம். பயனருக்குத் தெரிவது சக்கரம் ஒன்றுதான். முடிவு எடுக்க வேண்டியவர் பயனராம். இதற்கு ஒரு கௌரவமான காரணம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது எப்போதாவது நிற்குமா, நிற்காமலே ஓடுமா என்று முன்கூட்டிச் சொல்லும் பொதுவான வழி கிடையாது என்பதை ஆலன் டூரிங் 1936இல் நிறுவினார். அதாவது, கணினி பிறப்பதற்கு முன்பே அது ஹேங் ஆகும், ஆனதா என்று உறுதியாகவும் சொல்ல முடியாது என்று கணிதம் கைகழுவிவிட்டது. அந்தக் கைகழுவல்தான் இன்று இரண்டு பொத்தான்களாகப் பயனர் முன் வந்து நிற்கிறது.

கணினியில் மூடும் முறைகள் பழையவை. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் ஒருசேர அழுத்தும் வழக்கத்தை உண்டாக்கியவர் ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி. 1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியை ஃப்ளோரிடா மாநிலத்தின் போகா ரட்டோனில் உருவாக்கிய குழுவில் இருந்தார். ஒவ்வொரு முறை உறையும்போதும் மின்சாரத்தை நிறுத்திப் போடாமல் மறுபடி தொடங்க, தம் குழுவினருக்காகச் செய்துகொண்ட குறுக்குவழி அது. முதலில் டெலீட்டுக்குப் பதில் எஸ்கேப் இருந்தது. விசைப்பலகையின் இடப்பக்கம் கை தவறிப் பட்டாலே எல்லாம் அழிந்து மறுதொடக்கம் ஆகிவிடுகிறது என்றதும், இரண்டு கையும் தேவைப்படும்படி டெலீட்டுக்கு மாற்றினார்கள். கண்டுபிடித்தது தாமாக இருக்கலாம், புகழ்பெறச் செய்தவர் பில் கேட்ஸ் என்று 2001இல் ஒரு விழா மேடையில், கேட்ஸை வைத்துக்கொண்டே பிராட்லி சொன்னார். அரங்கம் சிரித்தது. கேட்ஸ் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

இன்றைய விண்டோஸில் டாஸ்க் மேனேஜரை நேரடியாகத் திறக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் போதும். மூன்றும் இடப்பக்கமே இருப்பதால் மற்றொரு கை தலையில் அடித்துக்கொள்ள மிச்சமாகிறது. பட்டியலில் செயலியைத் தேர்ந்து எண்ட் டாஸ்க் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல்: டாஸ்க் மேனேஜரும் ஒரு செயலிதான். நினைவகமெல்லாம் பிரவுசரின் வயிற்றுக்குள் போயிருக்கும் நேரத்தில் அதுவும் மெல்ல எழுந்து, சோம்பல் முறித்து, பாதிச் சன்னலாக வந்து நிற்கும். பட்டியலில் எதை மூட வேண்டும் என்று கண்டுபிடித்துச் சுட்டியைக் கொண்டுபோவதற்குள் வரிசை மாறிவிடும். மூட நினைத்தது மேலே போய்விட, சேமிக்காத கணக்குத் தாள் வந்து சுட்டிக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளும்.

மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப். வானவில் நிறச் சக்கரம் அழகாகச் சுழல்வதால் மேக் வைத்திருப்பவர்கள் மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் பொறுத்திருக்கிறார்கள். கொடுத்த விலையும் காரணமாக இருக்கலாம். வரும் பட்டியலில், கோப்புகளைக் காட்டும் ஃபைண்டரை மட்டும் ஒழிக்க முடியாது, மீண்டும் தொடங்கத்தான் முடியும். லினக்ஸில் பண்பாடு வேறு. சிக்னல் 15 அனுப்பினால், முடித்துக்கொள்ளலாமே என்று கேட்டுக்கொள்வதாகப் பொருள். செயலி கோப்பை எழுதி முடித்து, கதவைச் சாத்திவிட்டுப் போகலாம், மறுக்கவும் செய்யலாம். சிக்னல் 9 செயலியிடம் கேட்பதே இல்லை. அதற்கும் அசையாதவை உண்டு: வட்டிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ ஒரு பதிலுக்காக ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும் நிரலை அந்தப் பதில் வரும்வரை யாராலும் கொல்ல முடியாது. ஏற்கெனவே செத்துவிட்டும், தாய் நிரல் வந்து இறப்பைப் பதிவு செய்யாததால் பட்டியலில் நீடிக்கும் நிரல்களும் உண்டு. இவற்றை லினக்ஸ்காரர்கள் பெருமையோடு விளக்குவார்கள். விளக்கி முடிப்பதற்குள் மற்ற எவரும் கணினியை அணைத்துப் போட்டிருப்பார்.

ஃபோனுக்கு வருவோம். இங்கே இரண்டு செயல்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுகின்றன. சமீபத்தில் திறந்த செயலிகளின் அட்டைகளை வரவழைத்து மேலே தள்ளுவது ஒன்று. அமைப்புகளுக்குள் போய், செயலிகள் பட்டியலில் உரியதைத் தேடி, ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுப்பது மற்றொன்று. ஆண்ட்ராய்டில் உண்மையான கட்டாய மூடுதல் இரண்டாவதுதான். அதை அழுத்தியதும், கட்டாயமாக நிறுத்தினால் செயலி ஒழுங்கு தவறக்கூடும் என்று ஃபோன் எச்சரிக்கிறது. ஒழுங்கு தவறியதால்தானே ஐயா இவ்வளவு தூரம் வந்தது. இந்த முறையில் நிறுத்திய செயலி, பயனர் தாமாகத் திறக்கும்வரை எழாது. அறிவிப்பு வராது, குறித்து வைத்த நேரத்தில் வேலை நடக்காது. கடிகாரச் செயலியை ஃபோர்ஸ் ஸ்டாப் செய்துவிட்டுப் படுத்தால் காலை அலாரமும் அடிக்காது.

எல்லாவற்றிலும் கடினமான நிலை ஒன்று உண்டு: வங்கிக் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, இருக்கை உறுதியாகவில்லை, சக்கரம் சுழல்கிறது, பின்செல்லவோ செயலியை மூடவோ வேண்டாம் என்று திரை கெஞ்சுகிறது. அண்மையில் ஒரு முன்பதிவுச் செயலி ஒரு குடும்பத்தையே இந்நிலையில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தது. யாரும் அந்த ஃபோனைத் தொடக் கூடாது, அதில் அழைப்பு வரக் கூடாது, சார்ஜ் தீரக் கூடாது. யுபிஐயில் பணம் கழிந்தும் வணிகருக்கு உறுதியாகாமல் போனால் அடுத்த 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு என்று ரிசர்வ் வங்கி 2019இல் விதி வகுத்திருக்கிறது. பொங்கல் 4 நாளில் முடிந்துவிடும். இந்த நிலையில் செயலியை மூடலாமா கூடாதா என்பதே இக்கட்டுரையின் மையக் கேள்வி. அது உரிய இடத்தில் விரிவாக எடுத்துக்கொள்ளப்படும். அதற்கு முன் அட்டை தள்ளுவதைப் பற்றிச் சில சொற்கள்.

அட்டை தள்ளுதல் இன்று ஒரு நாட்டுப் பழக்கம். பேருந்தில் உட்கார்ந்ததும் பயணி ஃபோனை எடுக்கிறார், அட்டைகளை வரவழைக்கிறார், ஒவ்வொன்றாக மேலே தள்ளுகிறார். தள்ளி முடித்ததும் ஃபோனைச் சட்டைப் பையில் போடுகிறார். நடத்துநரிடம் டிக்கெட் வாங்குகிறார். மீண்டும் எடுக்கிறார். இடையில் அவர் எதையும் திறக்கவில்லை, ஆனாலும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். சிலர் பெருவிரலால் மெல்லத் தள்ளுவார்கள், வருத்தம் தெரியும். சிலர் சுண்டிவிடுவார்கள். எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் மூடும் பொத்தான் பல ஃபோன்களில் இருக்கிறது. உண்மையான ஈடுபாடு உள்ளவர்கள் அதைத் தொடுவதில்லை, ஒவ்வொன்றாகத் தள்ளினால்தான் நிம்மதி. வாட்ஸ்அப்பைத் தள்ளிவிட்டு, நேரம் என்ன என்று பார்த்துவிட்டு, வாட்ஸ்அப்பைத் திறப்பார்கள். வழிகாட்டும் வரைபடத்தை நாற்சந்தியின் நடுவில் தள்ளிவிட்டு, அடுத்து எந்தப் பக்கம் என்று ஆட்டோக்காரரைக் கேட்பார்கள்.

தம் ஃபோனோடு நிற்பவர்களைக்கூட மன்னிக்கலாம். மற்றவர் ஃபோனைச் சுத்தம் செய்பவர்கள் தனி ரகம். கல்யாண வீட்டில் படம் பார்க்க என்று மருமகனிடம் ஃபோனை வாங்கும் மாமா, ஒரு படம்கூடப் பார்ப்பதில்லை. "என்னடா இது, இத்தனையும் திறந்து வச்சிருக்கே? சார்ஜ் எப்படி நிக்கும்?" என்று கேட்டபடியே தள்ளத் தொடங்கிவிடுகிறார். பாதி எழுதிய மின்னஞ்சல் போகிறது. பாதி நிரப்பிய தேர்வு விண்ணப்பம் போகிறது. முடித்துத் திருப்பித் தரும்போது அந்த முகத்தில் ஒரு தர்மம் செய்த களை தெரியும். சார்ஜ் 34 சதவீதமாகவே இருக்கிறது. அதை அவர் பார்ப்பதில்லை. இவர்களுக்கென்றே சுத்தம் செய்யும் செயலிகளும் வந்தன. பொத்தானை அழுத்தினால் திரையில் ராக்கெட் ஒன்று புகை கக்கிப் பறக்கும், இத்தனை எம்பி விடுவிக்கப்பட்டது என்று கணக்குச் சொல்லும், பிறகு ஒரு விளம்பரம் ஓடும். விடுவித்த இடத்தில் முதலில் வந்து உட்காருவது அந்தச் செயலிதான், அதை யாரும் தள்ளுவதில்லை.

இத்தனைக்கும் அட்டை என்பது பெரும்பாலும் ஒரு படம் மட்டுமே. பின்னணிக்குப் போன செயலியை ஃபோன் சற்று நேரத்தில் உறைய வைத்துவிடுகிறது. நினைவகம் தேவைப்பட்டால் தானே அதை வெளியேற்றுகிறது. தள்ளிய செயலியை மறுபடி திறக்கும்போது அது அடியிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதால் மின்சாரம் கூடத்தான் செலவாகும். செயலிகளை அடிக்கடி மூடுவீர்களா, பேட்டரிக்கு அது அவசியமா என்று 2016இல் ஒருவர் ஆப்பிள் தலைவர் டிம் குக்குக்கு மின்னஞ்சல் எழுதினார். பதில் சொன்னவர் ஐஃபோன் மென்பொருளுக்குப் பொறுப்பான கிரெய்க் ஃபெடரிகி. இரண்டு கேள்விக்கும் இல்லை, இல்லை என்பதோடு முடித்துக்கொண்டார். ஆண்ட்ராய்டுப் பொறுப்பிலிருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதை ஆமோதித்தார். உலகத்தின் ஃபோன்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கட்டியாண்ட இரண்டு பேர் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மாமா கேட்கவில்லை. இதை எழுதுபவரும் இரவு படுக்கும்முன் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத்தான் படுக்கிறார். அறிவு வேறு, கட்டைவிரல் வேறு.

ஐஃபோனில் ஃபோர்ஸ் ஸ்டாப் பொத்தான் கிடையாது. திரையின் அடியிலிருந்து மேலே இழுத்து நடுவில் நிறுத்தினால் அட்டைகள் வரும். உரியதை மேலே தள்ள வேண்டும். ஹோம் பொத்தான் உள்ள பழைய ஃபோன் என்றால் அதை இருமுறை அழுத்த வேண்டும். செயலி ஹேங் ஆனால் மட்டும் இதைச் செய்யுங்கள் என்கிறது ஆப்பிள். அதாவது, மேலே சொன்ன பழக்கத்துக்கும் உண்மையான சிகிச்சைக்கும் அங்கே ஒரே விரலசைவுதான். தள்ளுபவர்களைத் திருத்துவது இதனால் இன்னும் கடினமாகிறது.

செயலியோடு ஃபோனே உறைந்துவிட்டால் மறுதொடக்கம்தான் வழி. ஐஃபோன் 8 முதல் வந்தவற்றில் ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தி விட வேண்டும், குறைக்கும் பொத்தானை அழுத்தி விட வேண்டும், பிறகு பக்கப் பொத்தானை ஆப்பிள் சின்னம் வரும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். வரிசை தவறினால் ஒலி மட்டும் மாறும். ஒலிப் பொத்தானை விடாமல் பக்கப் பொத்தானோடு சேர்த்து நீண்ட நேரம் பிடித்தபடி இருந்தால் சிலசமயம் அவசர உதவிக்கு அழைப்பு போய்விடும். பழைய ஃபோன்களில் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்துப் போட்டால் போதும். பேட்டரியை உள்ளே வைத்து ஒட்டிவிட்ட பிறகு பயனருக்கு மிஞ்சியது இந்தப் பொத்தான் மந்திரம்தான்.

மறுதொடக்கத்தை அரைகுறை வைத்தியம் என்று இகழ வேண்டாம். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, தட்பவெப்பத் தரவுகளைத் திரட்டத் தொடங்கியபின் அடிக்கடி தானாக மறுதொடக்கம் ஆயிற்று. முக்கியமான வேலை ஒன்று, முக்கியமற்ற வேலை ஒன்றின் பிடியிலிருந்த வளத்துக்காகக் காத்து நின்றதே காரணம். உரிய நேரத்தில் வேலை முடியவில்லை என்றால் யாரையும் கேட்காமல் மறுதொடக்கம் செய்ய அதனுள் ஒரு காவல் ஏற்பாடு இருந்தது. காத்திருக்கிறீர்களா, மூடிவிடவா என்ற கேள்வி அதில் இல்லை. பொறியாளர்கள் பூமியில் அதே கோளாறை வரவழைத்துப் பார்த்து, அமைப்பில் ஒரு சிறு மாற்றத்தை அனுப்பிச் சரிசெய்தார்கள்.

மறுதொடக்கம் முடிந்ததும் மேக், கேட்டுக்கொண்டால், முன்பு திறந்திருந்த சன்னல்களை எல்லாம் திறந்து வைக்கும், உறைந்ததையும் சேர்த்து. ஃபோனில் செயலியைப் பயனரே திறக்க வேண்டும். திறந்ததும் கடவுச்சொல் கேட்கும். பிறகு கைரேகை கேட்கும். பிறகு ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொல்லும். அது வந்து சேர்ந்ததும், இந்தப் பதிப்பு இனி இயங்காது, புதிய பதிப்பைத் தரவிறக்கிக்கொள்ளவும் என்று ஓர் அட்டை வரும். அதில் இருப்பது ஒரே பொத்தான்.