பின்கேரியர் – ஓர் ஆய்வு

மோட்டார் சைக்கிளின் பின்னால் கேரியர் பொருத்துவது குறித்து முறையான ஆய்வேடு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அக்குறையைப் போக்கும் நோக்கில் இக்கட்டுரை அமைகிறது. களப்பணி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. முதன்மைத் தரவுகளாக என் வண்டி, ஒரு கேரியர், ஆறு போல்ட்டுகள், ஒரு பலாப்பழம் ஆகியவை எடுத்துக்கொள்ளப்பட்டன. நிதி நல்கை கேட்டு வீட்டில் விண்ணப்பித்தேன். "இருக்கிற வண்டியை முதல்ல கழுவுங்க" என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

வழக்கம்போலச் சொல்லாராய்ச்சியில் தொடங்குவோம். கேரியர் என்பது தமிழில் பலபொருள் ஒருமொழி. மகனுக்கு நல்ல கேரியர் அமையவில்லையே என்று ஒரு தாய் கவலைப்பட்டபடியே அடுக்குக் கேரியரில் கணவருக்குச் சாம்பார் ஊற்றி, அதைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டச் சொல்லலாம். கேட்பவர் யாரும் குழம்புவதில்லை. இதற்குச் 'சுமைதாங்கி' என்று தமிழாக்கம் செய்யலாமே என்பார் உண்டு. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. இரண்டு கற்களை நட்டு, குறுக்கே ஒரு கல்லைக் கிடத்தி, தலைச்சுமைக்காரர் பிறர் துணையில்லாமல் இறக்கி ஏற்றத் தோதான உயரத்தில் சாலையோரங்களில் நிற்பது அது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைக்கும் வழக்கம் இருந்தது. இன்னும் சில ஊர்களில் நிற்கிறது. அதை இழுத்துவந்து நம்பர் பிளேட்டுக்கு மேல் மாட்டுவது மரியாதையாகப் படவில்லை. மேலும், கல் நின்ற இடத்தில் நிற்கும். கேரியர் நம்மோடு வருவதால், "அந்தப் பக்கமாத்தானே போறீங்க?" என்ற கேள்விக்கு ஆளாகிறது. எனவே கேரியர் என்றே இங்கு வழங்கப்படும்.

வரலாற்றுப் பகுதியைச் சுருக்கமாக முடிக்கலாம். 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. அதன் வழிவந்த எக்ஸ்எல் வண்டியில் பின்சீட்டைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது முழுக்கக் கேரியர்தான். பால் கேனும் தேங்காய் மூட்டையும் காலைக் கட்டித் தொங்கவிட்ட நாட்டுக்கோழிகளும் அதில் போகாத ஊர் இல்லை. வண்டியில் கேரியர் பொருத்துவது மற்ற நிறுவனங்களின் வழி. கேரியருக்கு எஞ்சின் பொருத்துவது ஓசூர் வழி. எக்ஸ்எல் வைத்திருப்போர் இத்துடன் கட்டுரையை மூடிவைத்துவிட்டுப் பிழைப்பைப் பார்க்கலாம். எஞ்சியது, என்னைப்போல அழகுக்காக 150 சிசி வண்டி வாங்கிவிட்டு அரிசிக்கடை வாசலில் விழித்து நிற்பவர்களுக்கு.

தேர்வு செய்தல் பற்றி மூன்று கொள்கைகள் நிலவுகின்றன. அவற்றுள் இரண்டு கடைக்காரருடையவை. சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போவார்கள். நான் எங்கள் ஊர்க் கடையில் 'யுனிவர்சல்' என்று கொடுத்ததை வாங்கினேன். அது எல்லா வண்டியின் அருகிலும் போகும், எதிலும் உட்காராது என்பது பின்னர் நிறுவப்படும். பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். குரோம் பூச்சு இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிது. வெல்டு வைத்த மூட்டுகளில்தான் துரு முதலில் கண் திறக்கும். ஆகவே கேரியரைக் கவிழ்த்துப் பாருங்கள். குழாயும் பட்டையும் சேரும் இடத்தில் சுற்றிவர வெல்டு ஓடியிருக்கிறதா, இரண்டு பொட்டு வைத்து விட்டிருக்கிறார்களா என்பது அடியில்தான் தெரியும். கேரியரின் மேல்மட்டம் சீட்டின் மட்டத்தோடு ஒத்திருப்பது நல்லது. வாழைத்தார் போன்ற நீண்ட பொருள் இரண்டின் மேலும் சாய்ந்து படுக்கும். மட்டம் ஏறி இறங்கினால் தார் ஊஞ்சலாடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், எங்கே பிடிக்கிறது என்பது. பின்கைப்பிடியின் இரண்டு போல்ட்டில் மட்டும் தொங்கும் கேரியர் வெறும் அலமாரி ஆணி. கீழே இரண்டு கால் இறங்கி, பின் ஷாக் அப்சார்பரின் மேல் நட்டில் இருபுறமும் மாட்டுவதுதான் சுமைக்கு ஆகும். என் கேரியருக்கு இருந்த ஒரே நற்குணம் அது.

இனிக் கணக்கு. என் வண்டியில் முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே டேப் வைத்து அளந்ததில் 130 சென்டிமீட்டர். 25 கிலோ அரிசி மூட்டையைக் கேரியரில் வைத்தால் அதன் நடுப்பகுதி பின் அச்சுக்கு 39 சென்டிமீட்டர் பின்னால் விழுகிறது. 39-ஐ 130-ஆல் வகுத்தால் பத்தில் மூன்று பங்கு. அதாவது முன்சக்கரத்திலிருந்து ஏழரை கிலோ மேலே கிளம்பிவிடுகிறது. பின்சக்கரம் தாங்குவது 32 கிலோ 500 கிராம். கடைக்காரர் ரசீது போட்டது 25-க்குத்தான். கூடுதலாகக் கிடைத்த ஏழரை கிலோவை உலையில் போட முடியாது. ஆனால் மழை பெய்த ரோட்டில் வளைவு திரும்பும்போது ஹேண்டில் காகிதம்போல லேசாவதில் அதை உணரலாம். ஏழரை என்னும் எண்ணுக்கும் சனிக்கும் உள்ள தொடர்பு தனி ஆய்வுக்குரியது. பின்னால் ஆள் இல்லாதபோது மூட்டையைச் சீட்டின் மேலேயே முன்தள்ளி வைத்தால் இந்த நட்டம் ஏறக்குறைய மறைந்துவிடும். பின்சக்கரக் காற்றையும் கையேட்டில் சுமைக்குச் சொன்ன அளவுக்கு ஏற்றிக்கொள்ளவேண்டும்.

பொருத்தும் படலம். முதல் ஞாயிறு காலை பத்து மணி, வேப்பமரத்தடி. நாலு துளையில் மூன்று நேராக வந்தன. நாலாவது, அரை விரற்கடை தள்ளி நின்று என்னை வேடிக்கை பார்த்தது. சுவடி பதிப்பித்தோர் இதைப் பாடவேறுபாடு என்பர். மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் குந்தி உட்கார்ந்து, துளைக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"எல்லாத்தையும் டைட் பண்ணிட்டீங்களா சார்?"

"ஆமா."

"அதான் வரல. லூஸ் பண்ணுங்க."

முழு ஆய்விலும் இதுவே தலையாய கண்டுபிடிப்பு, என்னுடையது அல்ல. எந்த போல்ட்டையும் முதலில் இறுக்கக் கூடாது. எல்லாவற்றையும் விரலால் நாலு மரை ஏற்றிவிட்டு, கேரியரை ஆட்டி அசைத்து உட்காரவைத்து, அதன்பிறகே மாற்றி மாற்றி இறுக்கவேண்டும். அப்படிச் செய்தும் பிடிவாதம் பிடித்த துளையை அவர் உருண்டை அரத்தால் ராவி, லேசாக ஓவலாக்கினார். ராவிய இடத்தில் கொஞ்சம் பெயின்ட் தொட்டு வைத்தார். "மட்கார்டுல மட்டும் ஓட்டை போட்டுராதீங்க சார், அங்கேருந்து அரிச்சுரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை, ஆனால் என் கைப்பிடித் துணியை எடுத்துப்போய்விட்டார்.

ஒரே சிலிண்டர் எஞ்சின் ஓயாமல் அதிர்வது. சாதா நட்டு அதற்குத் தாக்குப்பிடிக்காது. ஸ்பிரிங் வாஷரோ, உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டோ வேண்டும். 12 நம்பர் தலையுள்ள போல்ட்டுகளை, ஸ்பானர் இல்லாததால், ஸ்க்ரூ ஸ்பானர் வைத்து முறுக்கினேன். அது வழுக்கி இரண்டு தலையின் முனைகளை மழித்துவிட்டது. ஸ்பானர் ஏன் இல்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சட்ட நூல்களையும் புரட்டினேன். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது, பின்னால் அமர்பவருக்குப் பிடிமானமும் கால்மிதியும், துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியாவது மறையும் மறைப்பும் வேண்டும் என்கிறது. நாம் சாரி கார்டு என்பது அதைத்தான். கைப்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கேரியர் மாட்டுவோர், அது பிடித்துக்கொள்ளவும் உதவுகிறதா என்று பார்க்கவேண்டும். 2020-இல் வந்த திருத்தம் பின்னால் வைக்கும் பெட்டிக்கு அளவு வகுத்தது: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டர் தாண்டக் கூடாது. பெட்டி பின்சீட்டின் இடத்தைப் பிடித்தால் ஓட்டுபவரைத் தவிர ஆள் ஏறக் கூடாது; சீட்டுக்கும் பின்னால் இருந்தால் ஏறலாம்.

இவ்விதி சோதிக்கப்பட்டது பலாப்பழத்தில். கேரியர் ஏறிய செய்தி எப்படியோ பண்ருட்டிப் பக்கம் போய், மாமியார் ஒரு பழம் ஒதுக்கிவைத்திருந்தார். சுளைகளை உள்ளடக்கியது என்ற வகையில் பலாவும் பெட்டியே. அளந்தேன்: நீளம் 480, குறுக்கு 300. சட்டத்துக்கு உட்பட்டது. அது சீட்டுக்குப் பின்னால் இருந்ததால் மாமியாரும் சட்டத்துக்கு உட்பட்டு ஏறிக்கொண்டார். நைலான் கயிற்றால் கட்டினேன். பழம் இரண்டு பள்ளத்தில் குலுங்கி ஒரு சுற்றுத் திரும்பி அமர்ந்ததும் கயிறு தளர்ந்தது. பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் அறுத்துக் கொடுத்தார்கள். சுமை அமுங்க அமுங்க ரப்பரும் கூடவே சுருங்கிப் பிடிக்கிறது; பலாமுள்ளில் அது கவ்வியதைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை என்றே தோன்றும். ஒரு எச்சரிக்கை: கட்டி மிஞ்சிய நுனியைத் தொங்கவிடாதீர்கள். இடப்பக்கம் செயின், வலப்பக்கம் சைலன்சர்; இரண்டும் பசியோடு இருப்பவை. பின்விளக்கும் இண்டிகேட்டரும் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் இருபது நாட்களில் ஒரு கேஸ் சிலிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, எதிர்வீட்டு மிக்ஸி, யாருடையதென்று இன்னும் உறுதியாகாத ஒரு தையல் மெஷின் தலை ஆகியவை அதில் பயணம் செய்துள்ளன. அரிசி மூட்டை ஒருமுறைகூட இல்லை. கடையில் இப்போது வீட்டுக்கே கொண்டுவந்து போடுகிறார்கள்.

புதிதாகப் பொருத்திய கேரியரின் போல்ட்டுகளை நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கவேண்டும். என் வண்டி 140 ஓடிவிட்டது; வேகத்தடையில் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்கிறது. தீபாவளிக்கு முன்பு என் 12 நம்பர் ரிங் ஸ்பானரை ஐந்து நிமிடத்துக்கென்று வாங்கிப்போன மாடி வீட்டு நண்பர் இதைப் படிக்க நேர்ந்தால், அதை வாசற்படியில் வைத்துவிட்டுப் போகலாம். பெல் அடிக்க வேண்டியதில்லை.