சாவிக்கொத்தின் குற்றம்

டெட்ராய்ட் மாநகரில் எழுந்தருளியிருக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தாரின் சமூகத்துக்கு, பழைய செவ்ரோலே கோபால்ட், சாட்டர்ன் அயான் கார்களின் உரிமையாளர்கள் சார்பில் பணிவுடன் சமர்ப்பிக்கப்படும் விண்ணப்பம்.

ஓடும் கார் நடுச்சாலையில் அணைந்துபோவதற்கு இக்னிஷன் சுவிட்சே காரணம் என்று விவரமறியாதோர் சொல்லித் திரிந்தனர். சாவி செருகப்படும் பூட்டுருளையின் பின்னே இருந்து மின்னோட்டத்தை விடவும் நிறுத்தவும் செய்யும் அச்சுவிட்சில், சாவியை அந்தந்த நிலையில் பிடித்து நிறுத்துவது சுருள்வில் தாங்கிய ஒரு சிறு முளை ஆகும். அதன் பிடிப்பு நிறுவனத்தாரே வகுத்த அளவுக்கும் குறைவாக இருந்தமையால், முழங்கால் இடித்தாலோ சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலோ சாவி தானே திரும்பி, எஞ்சின் நின்று, ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் துணைநின்ற விசை அற்று, மோதும்போது காற்றுப்பையும் விரியாமற்போயிற்று.

எனினும் 2005இல் விற்பனையாளர்களுக்கு அனுப்பிய சேவைக் குறிப்பில் நிறுவனத்தார் மெய்யான குற்றவாளியைக் கண்டறிந்தனர்: கனத்த சாவிக்கொத்து வைத்திருக்கும் குள்ளமான ஓட்டுநர். கொத்தில் வேண்டாதவற்றைக் கழற்றிவிடுமாறு அவருக்கு அறிவுரை வழங்கப்பட்டது. உயரத்தைக் கூட்டிக்கொள்ளும் வழி மட்டும் கூறப்படாதது ஒரு சிறு குறையே. 2006 வாக்கில் உறுதியான முளையுடன் சுவிட்ச் திருத்தப்பட்டபோதும் உதிரிப்பாக எண் மாற்றப்படாமல் விடப்பட்ட சிக்கனம் தனிப் பாராட்டுக்குரியது. புதியதையும் பழையதையும் ஒரே எண்ணால் அழைத்தமையால், பிற்காலக் கார்கள் மட்டும் ஏன் அணைவதில்லை என்று பின்னர் ஆராய்ந்தவர்களுக்கு நெடுங்காலம் ஓயாத வேலை கிடைத்தது. 2014இல் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனத்தார் அமைத்த இழப்பீட்டு நிதியமே 124 மரணங்களுக்கான உரிமைகோரல்களை ஏற்றது. இறந்தோரின் உயரம் அங்கே தகுதி நிபந்தனையாக வைக்கப்படவில்லை.

பழுது நீக்கப்படும்வரை வேறெதுவும் கோக்காத ஒற்றைச் சாவியுடன் ஓட்டுமாறு அப்போது சொல்லப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் பூட்டுருளையையும் மாற்றித்தருவதாக அறிவிப்பு வந்தது. எஞ்சின் ஓடும்போதே சாவியை உருவி எடுக்க அவ்வுருளை இடங்கொடுக்கக்கூடும் என்பது அதன் மேல் சுமத்தப்பட்ட குற்றம். கொத்தின் சுமையைக் குறைக்கச் சொன்ன அறிவுரையை, சாவியையே நீக்கும் அளவுக்குக் கடைப்பிடித்த உறுப்பு காரில் அது ஒன்றே ஆகையால், அதைக் கழற்றி எறியும் முடிவை மறுபரிசீலனை செய்து, அதற்கு நற்சான்றிதழ் வழங்குமாறும், சான்றிதழை மறந்தும் சாவிக்கொத்தில் மாட்டிவிடாதிருக்குமாறும் வேண்டிக்கொள்ளப்படுகிறது.