மாமாவின் ஏ-போர்ட்டி இன்னும் குழந்தைதான்

குறோலி, இங்கிலாந்து
நவம்பர், ஞாயிறு இரவு

அன்புள்ள பெரிய மாமாவுக்கு,

மாமியின் மூட்டுநோவு எப்பிடி? போன கிழமை போனில், "இந்தப் பழைய காரைக் கட்டியழுதது காணும், இரும்புக்குக் குடுக்கப்போறன்" எண்டு சொன்னீங்கள். அதுக்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் மாமி இடையில் பறிச்சுப்போடுவா.

இண்டைக்கு எங்கட ஊர் வீதியில் நல்லூர்த் தேருக்கு வாற மாதிரிச் சனம். வந்தது தேர் இல்லை, கார். வருசா வருசம் நவம்பர் முதல் ஞாயிறு, லண்டன் ஹைட் பார்க்கில் சூரியன் உதிக்க வெளிக்கிட்டு, 60 மைல் தள்ளியிருக்கிற பிறைற்றன் கடற்கரைக்குப் போகினம். குறோலி நடுவழி. தேத்தண்ணி குடிக்க இங்கதான் நிக்கிறது. ஆர் முந்திறது எண்ட போட்டி இல்லை. பின்னேரம் 4.30க்கு முன்னம் போய்ச் சேர்ந்தால் ஒரு பதக்கம், அவ்வளவுதான்.

ஒரு விசயத்தில் மட்டும் கறார். 1905க்கு முன்னம் செய்த வண்டியாய் இருக்கவேணும். உங்கட 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ-போர்ட்டி சோமசெற்றைக் கொண்டுவந்தால், பால்குடி மறக்காத பிள்ளை எண்டு திருப்பி அனுப்பிப்போடுவினம்.

கனக்க வண்டிகளுக்குக் கூரையும் இல்லை, முன்கண்ணாடியும் இல்லை. ஓல்ட்ஸ்மொபீல் எண்டொரு அமெரிக்க வண்டி, அதுக்கு ஸ்ரியறிங் வளையமே இல்லை. வள்ளத்துச் சுக்கான் மாதிரி ஒரு தடி. நீராவிக் கார் ஒண்டு சந்தியில் நிண்டு மாடு மாதிரித் தண்ணி குடிச்சது. குளிரில் மூக்குச் சிவந்து, மயிர்க்கோட்டும் போட்டுக்கொண்டு, சொந்தக்காரர் மாப்பிள்ளை ஊர்வலத்தில் வாறமாதிரிக் கையாட்டினார்.

இந்த நாட்டில் 1896 வரைக்கும் எஞ்சின் வண்டிக்கு ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியில் 4 மைல்தான் வேகம். முன்னால் ஒரு ஆள் நடந்தும் போகவேணும். கோண்டாவில் ஒழுங்கையில் உங்கட காருக்கு முன்னால் மாடு நடக்குமே, கிட்டத்தட்ட அந்தச் சட்டம்தான். அந்த வருசம் சட்டத்தை மாத்தி 14 மைல் வரைக்கும் ஓடலாமெண்டு விட்டினம். நவம்பர் 14ஆம் திகதி, அந்தப் புழுகத்தில் பிறைற்றனுக்கு ஓடின ஓட்டத்தைத்தான் இண்டைக்கும் கொண்டாடினம்.

இனி என்ர கதை. தேத்தண்ணி முடிஞ்சும் ஒரு டி டியோன் வண்டி எழும்பேல்லை. எழுபது வயசு மதிக்கத்தக்க மனுசன், கைப்பிடியைச் சுத்திச் சுத்திக் களைச்சுப்போனார். உங்களோட தள்ளிப் பழகின கை சும்மா இருக்குமோ? தள்ளி ஓரங்கட்டிக் குடுத்தன். இதுகளுக்கு விடுகிற எண்ணெயில் பாதி வீதிக்குத்தான் போகுமாம். இண்டைக்கு என்ர கோட்டுக்கும் வந்தது. "உமக்கு இதில் பழக்கம் போலயிருக்கே" எண்டார்.

விட்டனோ? தொண்ணூறுகளில் எங்கட பக்கம் பெற்றோல் தடை, காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினம் எண்டு அவிழ்த்துவிட்டன். பின்னால் வந்த சைக்கிள்காரர் கண்ணெரிவில் திட்டினதையும் விடேல்லை. மனுசன் கோப்பையை வைச்சுப்போட்டுக் கொப்பியை எடுத்தார். எத்தினை துளி? எவ்வளவு நேரம் சூடாக்கவேணும்? நான் பின்சீற்றில் இருந்து இருமினதைத் தவிர வேறொண்டும் செய்யேல்லை. எண்டாலும் எல்லாம் நானே செய்தமாதிரிச் சொல்லிப்போட்டன். மன்னியுங்கோ.

"அந்தக் கார் இப்ப எங்க?" எண்டார்.

"போன மாசமும் ஒரு கலியாணத்துக்கு ஓடினது" எண்டன். மனுசன் தொப்பியைக் கழட்டிப்போட்டார். எனக்கில்லை, உங்களுக்கு.

ஆனபடியால் இரும்புக்காரனைப் படலையோட திருப்பி அனுப்புங்கோ. அந்த டி டியோன்காரருக்குத் தெரிஞ்ச ஒராளிட்ட சோமசெற் சாமான்கள் கிடக்காம். உங்களுக்கு வேண்டிய வைப்பர் கை இடமோ வலமோ எண்டு உடன எழுதுங்கோ. தைப்பொங்கலுக்கு வரேக்க கொண்டுவாறன்.

இப்படிக்கு,
உங்கட மருமகன்

பி.கு.: கோட்டில் பிடிச்ச எண்ணெய் போகேல்லை. வீட்டுக்காரி இன்னும் என்னோட கதைக்கேல்லை.