அப்டேட்டுக்குப் பின் பெட்டரி மெலிவு: ஊவா மாகாணத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஊவா மாகாணத்துத் தேயிலையை ஆராயாத ஆள் இல்லை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று கொழுந்துக்கு எப்படி வாசம் ஏற்றுகிறது என்பது இலண்டன் வியாபாரிக்கும் தெரியும். பதுளையில் 2005 முதல் இயங்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. ஆனால் பசறையிலும் லுணுகலையிலும் ஹாலிஎலையிலும், லெப்டொப் பழுதுபார்க்கும் கடை எதுவானாலும், அதன் மேசைக்கு முன்னால் எழும் ஒரு கேள்வியை அறிஞர் உலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “அண்ணே, அப்டேட் போட்டதுல இருந்து சார்ஜ் நிக்க மாட்டேங்குது. ஏன்?” அக்குறையைப் போக்கவே இந்தக் கட்டுரை.

முதலில் அளவை. மெலிவு என்றால் எவ்வளவு மெலிவு? மணிக்கணக்கில் சொல்வது நம் மாகாணத்துக்குச் சரிவராது. இங்கே ரயிலே மணிக்கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. ஆகவே நிலையக் கணக்கை முன்மொழிகிறேன். பதுளையில் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஏறியவருக்கு ஹாலிஎல, உடுவர, தெமோதர, எல்ல, பண்டாரவளை, தியத்தலாவ எல்லாம் தாண்டி ஹப்புத்தளை வரை படம் ஓடினால் பெட்டரி ஆரோக்கியம். எல்லயிலேயே ஓய்ந்துவிட்டால் பாதி போயிற்று. தெமோதரச் சுரங்கத்துக்குள் இருண்டால் மட்டும் அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது. இருண்டது திரையா ரயில் பெட்டியா என்று வெளியே வந்த பிறகே சொல்ல முடியும்.

அடுத்து இலக்கணம். தொல்காப்பிய முறைப்படி பதுளை ஐயமின்றிக் குறிஞ்சி நிலம். அதன் உரிப்பொருள் புணர்தல். ஆனால் இங்குள்ள லெப்டொப் சார்ஜரைப் பிரிந்தால் ஒரு நாழிகை உயிர் தரிப்பதில்லை. பிரிவோ பாலைக்கு உரியது. இதைத் திணைமயக்கம் என்று கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஐயமுள்ளவர்களுக்கு இன்னொரு சான்று. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று எரிசக்தி அமைச்சர் குமார ஜயகொடி சொன்னார். பலா மரத்தில் இருக்க வேண்டிய குறிஞ்சி மந்தி நெய்தல் நிலத்துக்கு இறங்கி, அங்கிருந்தபடியே மலைநாட்டுப் பெட்டரிகளைப் பரிசோதித்திருக்கிறது. உரையாசிரியர்கள் இருந்திருந்தால் பத்துப் பக்கம் எழுதியிருப்பார்கள்.

அந்தக் குரங்கை நான் சும்மா இழுக்கவில்லை. வீட்டில் லெப்டொப் எந்நேரமும் வயரோடுதான் கிடக்கிறது. பெட்டரி மெலிவதை யாரும் பார்ப்பதில்லை. கரண்ட் போகும்போதுதான் தெரிகிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டு அறிவிக்கப்பட்டபோது பலர் அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள். அப்டேட் போட்ட வாரம் மட்டும் ஆள் சந்தேகக் கண்ணோடு மூலையில் இருக்கும் சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்த்ததும் குறைகிறது. பழி அப்டேட்டுக்கு.

இவ்விடயத்தில் மூன்று கட்சிகள் உண்டு.

முதலாவது சதிக் கட்சி. புதிதாக ஒன்றை வாங்க வைக்கக் கொம்பனிக்காரன் செய்யும் வேலை இது என்பது அவர்கள் வாதம். சிரித்து ஒதுக்க முடியாது. பழைய ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. 79 டொலராக இருந்த பெட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டொலராக இறக்கியது. ஆனால் சதிக் கட்சியார் வசதியாக மறக்கும் பாதி ஒன்றுண்டு: கிழடான பெட்டரி திடீரென்று போனை அணைத்துவிடாமல் இருக்கத்தான் வேகத்தைக் குறைத்தோம் என்று அந்த நிறுவனம் சொன்னது. ஆக அங்கேயும் மூலகாரணம் கிழட்டுப் பெட்டரியே.

இரண்டாவது வோல்டேஜ் கட்சி. பொழுது சாய்ந்தால் லயத்து பல்பு மங்குவதை இவர்கள் சான்றாகக் காட்டுவார்கள். சார்ஜரின் வயிற்றில் பொடி எழுத்தில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சடித்திருப்பதைப் படித்தால் இக்கட்சி கலைந்துவிடும்.

மூன்றாவது குளிர்க் கட்சி, தலைமையகம் ஹப்புத்தளை. கடுங்குளிரில் லிதியம் அயன் பெட்டரியின் வேதிவினை மந்தமாவது உண்மைதான். ஆனால் அதை நிரந்தரமாகக் கெடுப்பது குளிரல்ல, சூடு. குளிருக்குப் பயந்து கம்பளிக்குள் சுருண்டு, அந்தக் கம்பளி மீதே லெப்டொப்பை வைத்துப் படம் பார்க்கும்போது அடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபடுகிறது. ஹப்புத்தளைப் பெட்டரி குளிரால் அல்ல, குளிருக்கான மருந்தால் சாகிறது.

அப்படியானால் அப்டேட் உத்தமனா? இல்லை. பெரிய அப்டேட் முடிந்ததும் விண்டோஸ், புது வீட்டுக்குக் குடிவந்தவர்போல் சாமான்களை அடுக்கத் தொடங்கும். கோப்புகளையெல்லாம் தேடுவதற்கு வாகாக மறுபடி அட்டவணைப்படுத்தும். வைரஸ் சோதனை நடத்தும். மற்ற செயலிகளையும் புதுப்பிக்கும். நீங்கள் சும்மா இருந்தாலும் அது சும்மா இருக்காது. திரை வெளிச்சம், உறக்க நேரம் போன்ற அமைப்புகள் சில நேரம் மாறிப்போயிருக்கும். பழைய டிரைவர் புது விண்டோஸோடு ஒத்துப்போகாமலும் இருக்கலாம். 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததால், 11க்கு மாறியவர்கள் பலர் ஏற்கெனவே வயதான பெட்டரியோடுதான் மாறினார்கள்.

ஆகவே பரிகாரத்தின் முதற்படி பொறுமை. ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, மூடியைத் திறந்தபடியே ஓரிரு இரவு சார்ஜில் விட்டுவிடுங்கள். அடுக்கும் வேலையை அது கரண்டிலேயே முடித்துக்கொள்ளட்டும். பிறகும் குறைந்தால் செட்டிங்ஸில் பெட்டரிப் பகுதிக்குப் போங்கள். எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று பட்டியலே இருக்கும். கொம்பனித் தளத்திலிருந்து புதிய டிரைவரைப் போடுங்கள். மூடியை மூடிப் பையில் போட்டால் தூங்கிவிடும் என்று நம்ப வேண்டாம். இப்போதைய லெப்டொப்புகள் அரைத்தூக்கத்தில் வேலை செய்துகொண்டே மடுல்சீமை பஸ்ஸில் வருகின்றன. ஷட்டவுன் செய்துவிட்டு ஏறுங்கள். எதுவும் பலிக்காவிட்டால், பெரிய அப்டேட்டை 10 நாட்களுக்குள் பின்வாங்கப் பெரும்பாலும் ரிக்கவரி பகுதியில் வழியுண்டு.

இதற்கெல்லாம் முன் பார்க்க வேண்டிய ஏடு ஒன்று இருக்கிறது. கட்டளை எழுதும் கறுப்புத் திரையில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, சேர்த்தாற்போல் பெட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஓர் அறிக்கை வரும். அது அப்படியே தோட்டக் கணக்கப்பிள்ளை பேர் போடும் பதிவேடான செக்ரோல். குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர் என்பது தோட்டத்தில் யாருக்கும் தெரிந்த கணக்கு. அறிக்கையில் முதல் எண், பெட்டரி பிறந்தபோது கொள்ள வேண்டிய அளவு. அடுத்தது இன்று உண்மையில் கொள்ளும் அளவு. முன்னது 41,000 மில்லிவாட் மணியாகவும் பின்னது 20,000 ஆகவும் இருந்தால் அது அரைப் பேர் போட வேண்டிய பெட்டரி. அப்டேட் அதை அரையாக்கவில்லை. ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் நிற்க வைத்துக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். பொதுவாக 300 முதல் 500 முறை முழுதாக ஏறி இறங்கினால் இந்தப் பெட்டரிகள் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். லிதியம் அயன் பெட்டரிக்காக 2019இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஜோன் குட்இனஃப்புக்கு அப்போது 97 வயது. தம்மைப்போல் உழைக்கும் பெட்டரியை மட்டும் அவரும் செய்து தரவில்லை.

பாதிக்குக் கீழே போன பெட்டரிக்கு எந்த செட்டிங்ஸும் மருந்தாகாது. மாற்றுவதே ஒரே வழி. லெப்டொப்பின் அடிப்பாகம் உப்பி, மேசையில் வைத்தால் ஆடுகிறதென்றால் அப்டேட்டைப் பற்றிய ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்துங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள், ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள், கழற்றிய பழையதைக் குப்பை எரிக்கும் நெருப்பிலோ தேயிலை மலைக் கானிலோ எறியாமல் பழுதுபார்க்கும் கடையிலேயே ஒப்படையுங்கள்.