சிவப்பு போனால் போதுமா?

கேள்வி: அறுவடையில் நெல் உமி பட்டுக் கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்திலேயே சரியாகிவிடுகிறதே, டாக்டர் எதற்கு?

பதில்: சரியாவது சிவப்பு, கண் அல்ல. கருவிழியின் முன்படலமான கார்னியாவும் வெள்ளைவிழியும் பெரும்பாலும் ஒரே கொலாஜன் இழைகளால் ஆனவை. வெள்ளைவிழியில் அவை தடித்தும் மெலிந்தும் தாறுமாறாகக் கிடக்கின்றன. சுமார் அரை மில்லிமீட்டர் கனமுள்ள கார்னியாவிலோ, தறியில் ஏற்றிய பாவு நூல்போல ஒரே பருமனில், சீரான இடைவெளியில் நிற்கின்றன. ஒளி உள்ளே போவது அந்த ஒழுங்கால்தான். அது குலைந்த இடத்தில் வெண்தழும்பு விழும். உமி கீறிய இடத்தில் ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் நுழைந்தால் புண்ணாகும். கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், அது உடலின் எதிர்ப்பை அடக்கிச் சிவப்பைக் குறைக்கும். பூஞ்சையோ தடையில்லாமல் வளரும். நிம்மதி உங்களுக்கு, விருந்து பூஞ்சைக்கு!

“டாக்டர்களும் ஸ்டீராய்டு எழுதுகிறார்களே?” நியாயமான கேள்வி. முடக்குவாதத்தோடு சிலருக்கு வரும் வெள்ளைவிழி அழற்சிக்கு அது தேவைப்படலாம். ஆனால் கார்னியாவில் புண் என்றால் முதலில் அதைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள். ஃபியூசேரியம் என்றால் நாட்டமைசின் சொட்டுதான் முதல் மருந்து. மதுரை அரவிந்த் மருத்துவமனையும் பங்கேற்று 2013-இல் வெளியான ஆய்வில், விலை கூடிய வோரிகொனசோலைவிட அதுவே நன்றாக வேலை செய்தது. “முற்றினால் கார்னியா மாற்றிக்கொள்ளலாமே” என்பீர்கள். தானமாக வரும் கார்னியா தேவைக்குப் போதவில்லை. புண் ஆறாத கண்ணில் வைத்தால், மாற்றிய கார்னியாவிலும் தொற்று திரும்பலாம்.