அரளி தின்று கடல் தாண்டும் பூச்சி

பலேர்மோ, சிசிலி

ராபர்ட்சன்பேட்டை மாமாவுக்கு,

அரளி அந்துப்பூச்சி ஐரோப்பாவில் பெரும்பாலும் விருந்தாளி. கோடையில் ஆப்பிரிக்காவிலிருந்து மத்தியதரைக் கடலைத் தாண்டி வரும். தோதான காற்று அடித்தால் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கேயும் போகும். எப்போதாவது ஒன்று இங்கிலாந்தில் தென்பட்டால் அங்குள்ள பூச்சிப் பிரியர்களுக்கு அன்று திருவிழாதான். நீங்கள் இருக்கும் கோலார் தங்கவயலிலோ அது உள்ளூர் ஆள். தெருவிளக்கில் வந்து மோதினாலும் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. 1758-இல் லின்னேயஸ் பெயர் சூட்டிய இதன் இப்போதைய அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நெரீ.

சிறகு விரித்தால் 9 முதல் 11 செ.மீ. நம்மூர் பெமல் வாகன ஆலையில் ராணுவ வண்டிக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டைத் திட்டுத் திட்டாகப் பூசி, நடுவில் கொஞ்சம் ரோஸ் நிறத்தைக் கைதவறிச் சிந்தியது போலிருக்கும். பகலில் இலையோடு இலையாக ஒட்டிக்கிடக்கும். இருட்டியதும் பூவின் முன்னே அந்தரத்தில் நின்றபடி நீண்ட உறிஞ்சுகுழலால் தேன் குடிக்கும்.

பெண்பூச்சி வெளிர்பச்சை முட்டைகளை அரளி இலையில் தனித்தனியாக இடுகிறது. ஆடு மாடு தின்றால் சாகும் இலை அது. தங்கச் சுரங்கத்தின் சயனைட் கழிவு மேட்டைப் பார்த்து வளர்ந்த நம் ஊருக்கு விஷம் புதிதல்ல. ஆனாலும் அதையே மூன்று வேளைச் சாப்பாடாக வைத்துக்கொள்ளும் துணிச்சல் அந்த முட்டையிலிருந்து வரும் புழுவுக்குத்தான் உண்டு. அரளி அலுத்தால் நந்தியாவட்டை. பூஜைக்குப் பூ வளர்ப்பவர்கள் மொட்டைக் கிளையையும் கீழே கிடக்கும் எச்சத்தையும் பார்ப்பார்களே தவிர, ஆளைப் பிடிப்பது கடினம். 7, 8 செ.மீ. வளர்ந்த பிறகும் அதன் பச்சை உடல் இலைக்குள் கரைந்துவிடும். பிடிபட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, கழுத்தருகே உள்ள இரண்டு நீலவெள்ளைப் பொய்க்கண்களை உப்பவைத்து மிரட்டும். கொம்போ வால்பக்கம். இளம் புழுவாக இருக்கையில் கறுத்து நீண்டிருக்கும் அது, வளர வளரக் குட்டையாகி ஆரஞ்சு நிறமாகும். கொட்டாது, குத்தாது, வெறும் பந்தா.

தின்று முடித்ததும் முதுகு கருத்துப் பழுப்பாகும். புழு தரைக்கு இறங்கிச் சருகுகளை நூலால் தளர்வாகப் பின்னி, அதற்குள் கூட்டுப்புழுவாகும். வெயில் நாளில் முட்டை முதல் பூச்சி வரை எல்லாம் சுமார் ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். ஆல்ப்ஸுக்கு வடக்கே அந்தக் கணக்கு செல்லாது. அங்கே பிந்தி இறங்கிய கூட்டுப்புழுவை உறைபனி கொன்றுவிடும்; அடுத்த கோடைக்குத் தெற்கிலிருந்து புது ஆட்கள்தான் வரவேண்டும்.